வேலாங்குறிச்சி என்னும் கப்பல்

வேலாங்குறிச்சி முதன்முதலாகச் சாய்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு, சந்தை நல்ல சூட்டில் இருந்த நேரத்தில். கூடையில் கிடந்த தக்காளிகள் தாமாகவே இறங்கி வடக்குத் தெரு வழியே ஒன்றன் பின் ஒன்றாக உருண்டு போக, அவற்றின் பின்னால் வெங்காயமும், வெங்காயத்தின் பின்னால் வெங்காயம் விற்றவளும் ஓட, ஊரே ஒரு பக்கமாக மெல்ல இறங்கி, ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்று, பிறகு மறு பக்கம் ஏறியது. பூகம்பம் என்று யாரும் கத்தவில்லை. பூகம்பத்துக்கு ஒரு அவசரம் இருக்கும். இதற்கு அவசரமே இல்லை, தொட்டில் ஆட்டுகிற கையின் நிதானம்தான் இருந்தது. டீக்கடை பிச்சையா மட்டும் "எவன்யா அது, ஊரைப் புடிச்சு ஆட்டுதது?" என்று வெளியே எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டு, கையிலிருந்த கிளாஸில் டீ ஊற்றுவதைப் பாதியோடு நிறுத்திக்கொண்டார். அன்றிலிருந்து வேலாங்குறிச்சியில் டீ என்றால் அரை கிளாஸ்தான்.

அதே பதினொன்றேகாலுக்கு, எழுநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கப்பல் கட்டும் தளத்தில், அதிகாரி ஒருவரின் மனைவி சாம்பல் நிறக் கப்பலின் மூக்கில் தேங்காயை உடைத்து, "உனக்கு வேலாங்குறிச்சி என்று பெயர் வைக்கிறேன்" என்று சொல்ல, கப்பல் கிரீஸ் பூசிய சரிவில் வழுக்கித் தண்ணீருக்குள் இறங்கியது. மறுநாள் பேப்பரில் படத்தோடு செய்தி வந்த பிறகு ஊருக்கு விஷயம் புரிந்தது. புரிந்த பிறகு ஒருத்தரும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கப்பலுக்கு நம்ம பேரு, அது ஆடுது, நாம ஆடுதோம், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

ஊர் பழகிக்கொண்ட வேகம் இருக்கிறதே, சும்மா சொல்லக் கூடாது. மூன்றே மாதத்தில் கட்டில் கால்களுக்குக் கயிறு கட்டி, பீரோவைச் சுவரோடு சேர்த்து அறைந்து, சட்டி நகராமல் அடுப்பைச் சுற்றிக் கம்பி வளைத்து, சாமி படங்களுக்குக் கீழேயும் ஓர் ஆணி அடித்து, மளிகைக் கடை அலமாரிகளுக்கெல்லாம் முன்னால் விரல் உயரத்துக்குச் சட்டம் வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காலை அகட்டி நின்றுகொண்டே வாழ்த்துப் பாடப் பழகி, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்த பெண்கள் ஊர் இறங்கும்போது இடுப்பை ஏற்றி ஊர் ஏறும்போது இடுப்பை இறக்கி ஒரு சொட்டுச் சிந்தாமல் வீடு வந்து சேரக் கற்றுக்கொண்டார்கள். ஜோசியர் கடற்படை அட்டவணையைப் பஞ்சாங்கத்துக்குள் செருகி வைத்துக்கொண்டு, கப்பல் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிற நாளாகப் பார்த்துத்தான் கல்யாணத்துக்கும் தேரோட்டத்துக்கும் முகூர்த்தம் குறித்தார். பஸ் டிரைவர் ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி, ஊர் சமத்துக்கு வருகிற நொடி பார்த்து உள்ளே விட்டார். வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த பெண்கள், புகுந்த வீட்டில் தரை அசையாமல் நிற்கிறதே என்று தலைசுற்றிப் படுத்தார்கள்.

கப்பல் பக்கமும் சும்மா இல்லை. மூன்றாம் மாதம் கேப்டனிடமிருந்து பேரூராட்சிக்கு ஒரு கடிதம் வந்தது: செவ்வாய்க்கிழமைகளில் எஞ்சின் அறையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசும் சத்தம் கேட்கிறது, அதிகாலையில் எங்கிருந்தோ சேவல் கூவுகிறது, பீரங்கி மேடையில் ஆட்டுப் புழுக்கை கிடக்கிறது, இதெல்லாம் புகார் இல்லை, தகவலுக்காக மட்டும். அந்தக் கடிதத்தைப் பேரூராட்சித் தலைவி சின்னத்தாய் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார், மேலே ஓர் ஆணியும் கீழே ஓர் ஆணியுமாக.

எல்லாரும் பழகிக்கொண்டார்கள் என்றேன். கொத்தனார் உச்சிமாகாளி பழகவில்லை. சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டைத் தொங்க விட்டால் அது கோயில் மணிபோல இங்கும் அங்கும் போய் வந்தது; ரசமட்டத்துக்குள் இருந்த குமிழி ஓரிடத்தில் நிற்கவில்லை; நூலகத்துச் சுற்றுச்சுவரை மூன்று தடவை எழுப்பி மூன்று தடவையும் அவரே இடித்தார். அதையாவது விட்டுத் தள்ளலாம், வயிறு கேட்கவில்லை. காலையில் குடித்த கஞ்சி பத்து மணிக்கு வெளியே வரும், மத்தியானச் சோறு மூன்று மணிக்கு. அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவரது எடையை மூன்று தடவை பார்த்துவிட்டு, "ஒண்ணு தரை நிக்கணும், இல்லேன்னா இவரு இந்தத் தரையை விட்டுப் போகணும். இன்னும் ஒரு வருஷம் இந்த உடம்பு தாங்காது" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

இத்தனைக்கும் காரணம் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவர் மனைவி பேராச்சி பேரூராட்சி அலுவலகத்தில் உதவியாளர். பதினெட்டு வருடமாக ஒரே மேஜை, ஒரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரே வேப்பமரம். மேலிடத்திலிருந்து வருகிற தபால்களில் பாதி, உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்றுதான் கேட்கும்: செல்போன் கோபுரம் வைக்கப் போகிறோம், ரோட்டை வெட்டப் போகிறோம், டிரான்ஸ்பார்மரை மாற்றப் போகிறோம். உண்டு என்று சொன்னாலும் செய்யத்தான் போகிறார்கள் என்பதால் 'ஆட்சேபணை இல்லை' என்று ரப்பர் ஸ்டாம்பே செய்து வைத்திருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை வந்த பதினான்கு தபால்களுக்குப் பேராச்சி பதினான்கு தடவை ஸ்டாம்பு குத்திக் கையெழுத்துப் போட்டாள். அதில் ஒன்பதாவது, நாட்டின் கப்பல் பெயர்க் குழுவிலிருந்து வந்தது.

"ஒரு வரி படிச்சிருக்கக் கூடாதா ஏளா?" என்று மாகாளி சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்பார்.

"எல்லாத்துக்கும் குத்துற மாதிரி குத்திட்டேங்க. கடலே இல்லாத ஊருக்குக் கப்பல்காரன் எழுதுவான்னு யாரு கண்டா?"

பக்கத்து ஊர் அரசன்குளத்தில் அவருக்கு அக்கா இருந்தாள், அசையாத தரையில் அகலமான வீடு. "போய் அங்க இருங்க" என்று பேராச்சி சொன்னால், "நீ ஊரையே மாட்டி விட்டுட்டமேன்னு உள்ளுக்குள்ள வெந்துகிட்டுக் கெடக்க, உன்னைய விட்டுட்டு நான் எங்க போக?" என்பார். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். ஏனென்றால் அவள் வேகவில்லை. பாவி மகளுக்கு அது பிடித்திருந்தது. காலையில் அலுவலகத்துக்குப் போகும் வழியில் தெரு மெல்ல ஏறித் தன்னைத் தூக்குகிறபோது நெஞ்சுக்குள் ஏதோ திறந்துகொள்வதும், ஜன்னலில் வேப்பமரம் இறங்கிப் போய் வானம் வந்து நிறைவதும், மறுபடி மரம் வருவதும், எங்கோ போய்க்கொண்டே இருக்கிறோம் என்கிற அந்தத் தவிப்பும் அவளுக்கு வேண்டியிருந்தது. கட்டின புருசன் வாளியைக் கட்டிக்கொண்டு கிடக்கும்போது இப்படி இருக்கிறதே என்று கூசிப் போய், அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். மூன்று வருடம் அப்படியே போனது.

டாக்டரம்மா சொன்னதற்குப் பிறகு அவள் லீவு போட்டுத் தலைநகரத்துக்கு ரயில் ஏறினாள். கப்பல் பெயர்க் குழு ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. செயலாளர் பிலோமின் ராயர், கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர், தூத்துக்குடிக்காரர். ஊர்ப் பெயரைக் கேட்டதும் எழுந்தே விட்டார். "வேலாங்குறிச்சியா! வாம்மா, உக்காரு, காப்பி குடிக்கியா? உங்க ஊரு மாதிரி ஒரு பேரு எங்களுக்கு அமைஞ்சதே இல்ல."

பெயர் வைப்பது லேசு என்று அவள் நினைத்திருந்தாள். பெரிய கப்பலுக்கு மாநிலத்தின் பெயர், அதற்கு அடுத்ததற்கு நகரம், நீர்மூழ்கிக்கு மீன், கண்ணிவெடி பொறுக்குவதற்குப் பறவை, ரோந்துக் கப்பலுக்குச் சிற்றூர். உயிரோடு இருக்கிற மனுசன் பெயர் கூடவே கூடாது, நாளைக்கு அவன் என்ன பண்ணுவானோ. உடைத்துப் போட்ட கப்பலின் பெயரை இரண்டு வருடம் பீரோவில் ஆறவைத்து அப்புறம்தான் புதுக் கப்பலுக்கு எடுக்க வேண்டும். இதெல்லாம் முடிந்து கடைசியாக ஒரு பரீட்சை. நீண்ட வராந்தாவின் நடுவில் டீசல் எஞ்சினை ஓட விட்டு, இந்தக் கோடியில் ஒருத்தர் பெயரைக் கத்த, அந்தக் கோடியில் காதைச் சுற்றி ஈரத்துண்டு கட்டிய ஒருத்தர் கேட்டதைக் கேட்டபடி எழுத வேண்டும். புயலில் ரேடியோவில் கூப்பிடுகிறபோது பெயர் சிதையக் கூடாது அல்லவா, அதற்காக. பேராச்சி உட்கார்ந்திருந்த நேரத்திலேயே ஐந்து ஊர்கள் தோற்றன. ஈரத்துண்டுக்காரர் ஒவ்வொன்றையும் வாய்க்கு வந்தபடி எழுதிக் காட்டி, தோளைக் குலுக்கினார்.

"உங்க ஊருக்கு முன்னால நாப்பத்தேழு பேரு தோத்துச்சு. உங்க ஊரை மட்டும் மொதத் தடவையிலேயே சரியா எழுதினான்" என்றார் ராயர் பெருமையாக.

"அவ்வளவும் நீங்களே பாத்துட்டு, அப்புறம் எங்ககிட்ட எதுக்குக் கேட்டீங்க?"

"முன்னால கேக்காமத்தாம்மா வச்சுக்கிட்டிருந்தோம். ஒரு தடவை ஒரு ஆத்தோட பேரை எடுத்தோம். கப்பல் ஓடிச்சு, ஆறு நின்னு போச்சு. அதுலேருந்து கேட்டுட்டுத்தான் வைக்கிறது."

அவள் மாகாளியைப் பற்றிச் சொன்னாள். ராயர் கேட்டு முடித்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அலமாரியிலிருந்து ஒரு படிவம் எடுத்துக் கொடுத்தார். சம்மதம் கொடுத்த கைதான் திரும்பக் கேட்கலாம், வேறு யாரும் முடியாது; படிவம் நாற்பது நாள்தான் செல்லும்; கையெழுத்தைப் போட்ட மறுநொடி ஊர் நின்றுவிடும். கப்பல் வெறும் நம்பரோடு ஓடும்.

"நம்பரோட ஓடுனா என்ன ஆகும்ங்க?"

"மிதக்கும். அதுக்கென்ன, நம்பரும் மிதக்கத்தான் செய்யும். ஆனா அலை ஒரு பக்கமா அமுக்குறப்ப, மறு பக்கம் புடிக்க ஏதாவது வேணும்லம்மா. நான் இருபத்தாறு வருசம் கடல்ல இருந்தவன். பேரு இல்லாத கப்பல்ல ஒருத்தனும் மனசாரக் கால் வைக்க மாட்டான்."

படிவத்தோடு திரும்பியவள் அதை மேஜை டிராயரில் வைத்தாள். மாகாளி முதல் வாரம் கேட்டபோது, அஷ்டமி என்றாள். இரண்டாம் வாரம், தலைவியம்மா ஊரில் இல்லை என்றாள். மூன்றாம் வாரம் பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, ஜன்னலில் வானம் ஏறி வந்ததும் மூடி வைத்தாள். அவர் எலும்பும் தோலுமாகத் திண்டாடுவதைப் பார்த்துக்கொண்டே நாளைக் கடத்தினாள். தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக வந்தது.

முப்பத்தோராம் நாள் மத்தியானம் வங்கக் கடலில் புயல் என்று ரேடியோ சொல்லி முடிக்கவில்லை, ஊர் அதுவரை சாயாத சாய்ப்பு சாய்ந்தது. மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் விளிம்பு தாண்டித் தெருவில் கொட்டியது, சைக்கிள்களெல்லாம் சேர்ந்து பிள்ளையார் கோயில் வாசலில் குவிந்தன, கயிறு கட்டிய கட்டில்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு வாசல் தாண்டின. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. மேகம் ஒரு துண்டு கிடையாது. பேராச்சி டிராயரை இழுத்துப் படிவத்தை எடுத்தாள். சின்னத்தாய் கதவுச் சட்டத்தைக் கட்டிப் பிடித்தபடி, "போட்டுத் தொலையேன் பேராச்சி! பிள்ளை குட்டி இருக்கிற ஊரு!" என்று அழுதார்.

அப்போதுதான் மாகாளி நாலு காலில் தவழ்ந்து அலுவலகத்துக்குள் வந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. "அதுல எத்தனை பேரு இருக்கானுங்க?" என்றார்.

"நூத்தி இருபது பேருங்க."

"இப்போ நாம விட்டுட்டா?"

பேராச்சி படிவத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். அவர் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "அப்போ இன்னைக்குப் போடாத. நாளைக்குப் போட்டுக்கலாம். நடுக்கடல்ல வச்சு எப்படிளா விடுறது?" என்றவர், சட்டென்று வயிற்றில் கை வைத்தார். "கெழக்கால சாயப் போகுது. எல்லாரையும் மேக்கால ஓடச் சொல்லு. ஓடச் சொல்லுளா!"

ஊரிலேயே ஆட்டத்துக்கு ஒத்துக்கொள்ளாத ஒரே வயிறு அதுதான், ஆகவே ஆட்டம் வருவதை முன்கூட்டி அறிந்த ஒரே வயிறும் அதுதான். அவர் வராந்தாவில் மல்லாந்து படுத்து வயிற்றில் கை வைத்துச் சொல்லச் சொல்ல, பேராச்சி பேரூராட்சி ஒலிபெருக்கியில் கத்தினாள்: "மேக்கே! எல்லாரும் மேக்கே!" நாலாயிரம் பேர், இடுப்பில் பிள்ளையோடும் கையில் ஆட்டோடும், கல்யாணமாகி ஏழு நாளான மாப்பிள்ளையும் பெண்ணும், ஸ்டெதஸ்கோப்போடு டாக்டரம்மாவும், பிச்சையா பாய்லரைத் தூக்கிக்கொண்டும் மேற்கே ஓடி, அய்யனார் மேட்டில் நெருக்கியடித்து நிற்க, ஊர் முனகிக்கொண்டு நிமிரும், "கெழக்கே!" என்பாள், நாலாயிரம் பேரும் திரும்பிக் கிழக்கே ஓடுவார்கள், மறுபடி மேற்கே, மறுபடி கிழக்கே, நடக்க முடியாதவர்களைத் தள்ளுவண்டியில் போட்டு உருட்டிக்கொண்டு, விழுந்தவர்களை அள்ளிக்கொண்டு, யாருக்காக ஓடுகிறோம் என்று ஒருவரும் கேட்காமல், சாயங்காலம் ஐந்து மணிவரைக்கும் ஓடினார்கள். ஐந்து மணிக்கு மாகாளி வயிற்றிலிருந்து கையை எடுத்தார். ஊர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தது.

ஒரு வாரம் கழித்துக் கேப்டன் எழுதியிருந்தார்: கப்பல் பதினோரு தடவை, திரும்பி நிமிர வழியே இல்லாத அளவுக்குச் சாய்ந்தது, பதினோரு தடவையும் நிமிர்ந்தது, அந்நேரம் எல்லா மாலுமிகளும் கீழ்த்தளத்தில் அடைந்திருக்க, மேல்தளத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டது. ஊர் மாகாளிக்கு மாலை போட்டது. அவர் மாலையிலேயே வாந்தி எடுத்தார்.

நாற்பதாம் நாள் பேராச்சியைக் கூட்டிக்கொண்டு ஊர் எல்லைக்குப் போனார். எல்லையில் பஸ் நிற்கிற இடத்தில் தார் ரோடு வெடித்திருந்தது. வெடிப்புக்கு அந்தப்பக்கம் அசையாத தரை, இந்தப்பக்கம் வேலாங்குறிச்சி. அவர் அந்தப்பக்கம் கால் வைத்து, முதல் தடவையாக முதுகை நிமிர்த்தி மூச்சு விட்டார். "இன்னையோட முடியுதுல்ல. போடு, இங்க வச்சே பாத்துருவோம்."

பேராச்சி படிவத்தை மைல்கல்லின் மேல் விரித்தாள். மைல்கல் இறங்கியது, ஏறியது. பேனா காகிதத்தில் படவே இல்லை.

"ஏன்ளா கை ஓட மாட்டேங்கு?"

"எனக்குப் பிடிச்சிருக்குங்க."

"என்னது?"

"ஊரு ஆடுறது. மொத நாள்லேருந்தே பிடிச்சிருக்கு. நீங்க வாளியைக் கட்டிக்கிட்டு அழுதப்பகூட நான் உள்ளுக்குள்ள சந்தோசமாத்தான் இருந்தேன். என்ன பொம்பளையோ நான்." சொல்லிவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாள்.

ஊர் மூன்று தடவை ஏறி இறங்கும்வரை மாகாளி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நீ தப்புப் பண்ணிட்டமேன்னு வேகலையா?"

"இல்லைங்க."

"நீ வேகுதன்னுதானே நான் போகாமக் கெடந்தேன்?"

"அது சாக்கு, நீங்க போக மனசில்லாமத்தான் கெடக்கீங்கன்னு நான் நெனைச்சேன்."

"கூறுகெட்டவளே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மூணு வருசம் ஒழுங்கா சோறு தின்னிருப்பேன்ல!" என்று கத்தியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துச் சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்து, அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு குனிந்து, வெடிப்புக்கு மேலாகக் கையை நீட்டி அவளைத் தூக்கி நிறுத்தினார். படிவத்தை எடுத்து நாலாக மடித்து அவள் கையிலேயே கொடுத்தார்.

அரசன்குளம் போகிற பஸ் வந்தது. அவர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "கப்பல் எப்போ கரைக்கு வருது?" என்று கேட்டார்.

"இருபத்தி மூணாந்தேதிங்க."

"எத்தனை நாள் நிக்கும்?"

"பதினோரு நாளு."

"சரி. இருபத்தி மூணாந்தேதி மொத பஸ்ஸுக்கு வந்துருவேன். கறிக்குழம்பு வச்சு வையி, வயிறு நெறைய திங்கணும்."

பஸ் கிளம்பிய பிறகும் அவர் ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டிக்கொண்டே போனார். காலடியில் ஊர் மெல்ல ஏறியது. பேராச்சி அதன் கூடவே ஏறி, பஸ் கண்ணுக்கு மறையும்வரை கையசைத்தாள். இருபத்து மூன்றாம் தேதிக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது.